அக்காவின் தோலோடு மதுரைக்குப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே விளங்காது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் பெரிய ‘ற’, எந்த இடத்தில் சின்ன ‘ர’ என்பதை ஆறாம் வகுப்பில்தான் சொல்லிக் கொடுப்பார்கள் போல. எங்கள் படிப்பகத்துக்காரர்கள், “போய் வந்ததை எழுதிக் கொடுங்கள், பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடியில் எனக்கு வேலை. பிறந்ததும் மலையில்தான். திண்டுக்கல் சீமை எனக்கு அயல்தேசம் மாதிரி. அக்காவைச் சாணார்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்ததால் கல்யாணம், காதுகுத்து என்று எப்போதாவது இறங்குவேன். இந்தத் தடவை இறங்கியது கொப்புளத்துக்காக. மச்சான் போன் செய்திருந்தார்.

“மாப்ள, ஒங்கக்காளுக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, தம்பி வரட்டும்ங்குறா. எம்மேல அம்புட்டு நம்பிக்கை.”

ஆவணி மாதத்தில் இப்படி ஒரு வெயில் அடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு டீ குடித்தேன். எங்கள் ஃபேக்டரியில் சலித்துக் கடைசியாக அடியில் தங்குகிற தூசி எங்கே போகிறது என்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்தேன், அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடைக்காரர், “எப்புடி இருக்கு டீ, ஸ்ட்ராங்கா?” என்று வேறு கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாணார்பட்டி பஸ்ஸில் என் மடியில் யாரோ ஒரு மூட்டை தக்காளியை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். இறங்கும் வரை அது யாருடையது என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் மூட்டையை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தையாவது கேட்பார்கள்.

வீட்டுக்குள் போனால் அக்கா வாழை இலையில் உட்கார்ந்திருக்கிறாள். துணி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்கிறதாம். கை, வயிறு, தொடை எல்லாம் காவிச் சிவப்பு. ஒரு நிமிடம் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன். உடம்பில் கொப்புளம் கண்டால் அக்கி என்று சொல்லி, மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்துப் பூசிக்கொண்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். அக்கி எழுதுவது என்பார்கள். அவர் கொப்புளத்தின் மேல் மட்டும் எழுதவில்லை. பரவாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் நல்ல தோலில் வேலி போட்டிருந்தார்.

“மூணு வாரம் எழுதியாச்சு தம்பி. வேலிக்கு வெளிய புதுசு புதுசா வருது,” என்றாள் அக்கா. வாய்க்குள்ளும் இரண்டு மூன்று புண். காரம் ஆகாது, கேப்பைக் கூழைத்தான் ஆற வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் சோறும், கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்தாள். நன்றாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் திண்டுக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா அக்காவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “யாரு இந்தப் பெயின்ட் அடிச்சது?”

மச்சான் தலையை நிமிர்த்தி, “நம்ம ஊருக்காரருதாம்மா. கைராசிக்காரரு,” என்றார்.

“அந்தக் கைராசிக்காரரு எனக்கு வேணும்கிற எடத்தையெல்லாம் பாத்துப் பாத்து மூடியிருக்காரு.”

பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பாக இருந்தால் தப்பு என்னுடையது. நம் ரத்தத்தில் காவலுக்கு இருக்கிற சங்கதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிப்பது அதன் வேலை. அக்காவுக்கு அது ஆள் மாறாட்டமாகத் தோலை ஒட்டிவைத்திருக்கும் பசையையே அடிக்கிறது. பசை விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் ஆகிறது. அந்தப் பசையும் ஒரே பசை இல்லை. மேல்தோலின் துணுக்குகளை ஒன்றோடு ஒன்று ஒட்டுவது ஒரு ரகம். மேல்தோலை அடித்தோலோடு சேர்த்துப் பிடிப்பது இன்னொரு ரகம். எந்தப் பசை அடி வாங்குகிறது என்பதைப் பொறுத்து வியாதியின் பெயரே மாறுகிறது, மருந்தும் மாறுகிறது.

“வெளிய பாத்தா ரெண்டும் கொப்புளந்தான். மேல் அடுக்கா இருந்தா பெரிய டோஸ் மாத்திரை, ஒடனே ஆரம்பிக்கணும். அது சக்கரையை எங்கயோ கொண்டுபோயிரும். இவங்களுக்கு ஏற்கெனவே சக்கரையில ஒரு கால்விரல் போயிருக்கு. கீழ் அடுக்குன்னா லேசான வைத்தியத்துலயே பாக்கலாம். தெரியாம நான் எதையும் குடுக்க மாட்டேன்.”

அக்கா தன் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த விரல் போன நாளிலிருந்து அவள் யார் முன்னாலும் செருப்பைக் கழற்றுவதில்லை.

இரண்டு துண்டுத் தோல் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒன்று கொப்புளத்தில், அது இங்கேயே சோதிப்பது. இன்னொன்று கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலில். அதுதான் முக்கியமாம், கொப்புளத்துக்குள் சண்டை முடிந்துவிட்டது, பக்கத்தில்தான் இப்போது நடக்கிறது என்றார் டாக்டரம்மா. காவியைத் தேய்த்துக் கழுவவும் முடியாது, தேய்த்தால் தோல் கையோடு வந்துவிடும். கடைசியில் முதுகில், காவி படாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

“புண்ணா இருக்குறத விட்டுட்டு நல்லா இருக்குற எடத்த வெட்டுறாகளே,” என்று அக்கா என்னிடம் முனகினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதுகுத் தோலை ஒரு சின்னக் குப்பியில், உப்புத் தண்ணீரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு லேபில்தான் இந்தச் சோதனை செய்கிறார்களாம். லேப் ஆள் வந்து வாங்கிப்போகிற நாள் அது இல்லை. நாங்களே கொண்டுபோக வேண்டும், குளுமையாக வைக்க வேண்டும், உறைந்துபோகக் கூடாது, குப்பியைத் திறக்கக் கூடாது. டாக்டரம்மா இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

கொஞ்சம் ஐஸ் போட்ட ஒரு ஃபிளாஸ்குக்குள் குப்பியை வைத்துக்கொண்டேன். மதுரை பஸ்ஸில் ஏறியதும் மச்சான், “குடு மாப்ள, ஒனக்கு எதுக்குச் செரமம்,” என்று ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மூடியைத் திறந்து குப்பியை வெளியே எடுத்தார்.

“தெறக்கக் கூடாதுன்னாங்க மச்சான்.”

“ஃபிளாஸ்கத்தானே தெறந்தேன்.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உளுந்துப் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு, அடியில் கிடந்தது. “இம்புட்டுக்காண்டியா மதுரைக்குப் போறோம்,” என்றார். பிறகு குப்பி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறேன் பேர்வழி என்று திருகினார். சின்னாளப்பட்டி பிரிவு வரும்போது பஸ் டயர் வெடித்தது. டிரைவர் பிரேக் போட்டார். தண்ணீர் முழுவதும் மச்சான் வேட்டியில். தோல் மட்டும் குப்பிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். ஸ்டெப்னி டயரும் காற்று இல்லாமல் இருக்கிறது என்று கண்டக்டர் ரொம்ப நிதானமாகச் சொன்னார், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்த மாதிரித் தெரியவில்லை. நான் குப்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி டாக்டரிடமே போய்விடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. அவர் கண் எதிரே புளியமரத்தடியில் இளநீர் வெட்டுகிற ஆள் மேல் இருந்தது.

“மாப்ள, குளுக்கோஸ் பாட்டில் இல்லாத காலத்துல ஆஸ்பத்திரியில இளநியத்தான் நரம்புல ஏத்துனாங்க. தெரியுமா ஒனக்கு?”

“வேணாம் மச்சான்.”

“பாழாப் போன உப்புத் தண்ணியவிட இது எம்புட்டோ மேலு. காத்துகூடப் படாத தண்ணி.”

நான் இன்னொரு முறை வேண்டாம் என்பதற்குள் இளநீர்க்காரர், “வழுக்கை இல்லாததாப் பாத்துத் தாரேன்,” என்று வெட்டிவிட்டார். அவருக்கும் இதில் ஆர்வம் வந்துவிட்டது. மச்சான் சொட்டுச் சொட்டாகக் குப்பி நிறைய ஊற்றி மூடினார். மிச்சத்தை அவர் குடித்தார்.

எங்களுக்குப் பின்னால் இரண்டு மலையாளத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். நர்ஸ் படிப்புப் படிக்கிறவர்கள் போல. மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருத்தி கேட்டாள்: “அந்த ஆள் மருந்துக் குப்பியில் இளநீர் ஊற்றுகிறான், பார்த்தாயா?”

மற்றவள் சொன்னாள்: “சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிற குப்பி மாதிரி இருக்கிறது. கெட்டுப்போகுமே. சொல்லலாமா?”

“எதற்கு வம்பு. அவன் முகத்தைப் பார், நமக்கே பாடம் எடுப்பான்.”

அவர்களிடம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முன்பின் தெரியாத பெண்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ் வந்து ஏறி, மதுரை வரும் வரை ஃபிளாஸ்கை நானே பிடித்துக்கொண்டேன்.

லேபில் இருந்த பெண் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். “இது என்னங்க வாசனை?”

மச்சான் மதுரைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார், “இளநிம்மா. சுத்தமானது.”

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வந்தாள். “இந்தத் தோல்மேல ஒரு மருந்து போட்டு, இருட்டுல வெளிச்சம் காட்டிப் பாப்போம். அடி வாங்குற எடம் பச்சையா ஒளிரும். இதுல ஒண்ணும் ஒளிராது. ஒளிர்ந்தாலும் நாங்க நம்ப முடியாது. வேற எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

மச்சான் திரும்பும் வழியெல்லாம் ஒரே பாட்டு. “லேப்ல தொலச்சுட்டாகன்னு சொல்லுவோம் மாப்ள. டாக்டரம்மாவுக்கு எப்புடித் தெரியப்போகுது?” வழியில் பிரியாணி சாப்பிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் கோபம், பசி, இரண்டும். சீரகச் சம்பா, எலும்போடு ஆட்டுக்கறி. இவ்வளவு கோபத்திலும் அது அவ்வளவு நன்றாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் மலையில் மூன்று ஹோட்டல் மாறினாலும் இப்படி ஒரு சோறு கிடைக்காது.

வீட்டில் நானே சொல்லிவிட்டேன். ரோட்டோரம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா முதுகில் தையலோடு, இலையில் சாய்ந்துகொள்ள முடியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு மச்சானைப் பார்த்தாள்.

“கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்கு ஒரு இளநி வாங்கித் தந்துருக்கீகளா?”

மச்சான் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“என் தோலுக்கு வாங்கி ஊத்திருக்கீக. அதுக்காவது குடுத்து வச்சுருக்கே.”

சிரித்தாள். சிரித்ததும் உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வந்தது. மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது, அதாவது பிரியாணிக்கு மேல் சாப்பிடவில்லை.

டாக்டரம்மாவிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கதவு பக்கம் நின்று, தரையைப் பார்த்து, “குப்பியில இளநி ஊத்திட்டோம்மா” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “முப்பது பேரு வெளிய உக்காந்திருக்காங்க. இல்லேன்னா நான் செத்த நேரம் அழுதுருப்பேன்,” என்றார். அதற்குள் அக்காவின் வயிற்றில் புதுக் கொப்புளங்கள் வந்திருந்தன. இன்னும் தாமதம் ஆனால் தெரியாமலேயே பெரிய மருந்தை ஆரம்பிக்க வேண்டி வரும் என்று சொன்னார். மறுபடியும் நல்ல தோலில் ஊசி, மறுபடியும் ஒரு துண்டு. அக்கா இந்தத் தடவை முனகக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இந்தக் குப்பியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று தனியாகக் கிளம்பினேன். ஃபிளாஸ்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை ஊர் எல்லை தாண்டும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டது.

“ஃபிளாஸ்குல என்னண்ணே இருக்கு?”

உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, “பால்” என்றேன்.

“புள்ளைக்கு ஒரு வாய் குடுங்களேன். கொண்டாந்தது திரிஞ்சுபோச்சு.”

“இல்லம்மா, இது வேற பால்.”

“வேற பாலுன்னா?”

பின் சீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்தார். “ஏப்பா, பச்சப்புள்ள கத்துது. ஒரு வாய் பாலுக்கு இம்புட்டு யோசன பண்றியே.”

கண்டக்டர் உட்பட நாலைந்து பேர் திரும்பிவிட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. “பால் இல்ல. எங்கக்கா தோலு,” என்றேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை போல. “என்னாது?” என்றார் கிழவர். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. “எங்கக்கா தோலு. சோதனைக்குக் கொண்டுபோறேன்.”

அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டாள். மதுரை வரும் வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை. இந்தப் பயணம் முழுவதிலும் நான் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தது அந்த பஸ்ஸில்தான்.

லேப் பெண் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டே வாங்கினாள்.

முடிவு வருகிற வரைக்கும் அக்கா வீட்டில் இருந்தேன். ஃபேக்டரிக்குப் போன் செய்து இரண்டு தடவை லீவு நீட்டினேன். வெயில் குறையவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள், வேப்பிலை, சுண்ணாம்பு, தயிர், குலசாமிக்கு வேண்டுதல். வேண்டுதலை மட்டும் மறுக்கவில்லை, அது தோலில் படாது.

ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். மூன்று பேரும் போனோம். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரே இருட்டு, அதன் நடுவில் வளைந்து வளைந்து ஒரு பச்சைக் கோடு. கொழுந்து இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓர நரம்பு தெரியுமே, அப்படி இருந்தது.

“மேல் அடுக்கா இருந்தா மீன்வலை மாதிரித் தெரியும். இது ஒத்தைக் கோடு, மேல்தோலும் அடித்தோலும் சேர்ற எடம். சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு தோலை உப்புத் தண்ணியில ஊறவச்சு ரெண்டாப் பிரிச்சும் பாத்துருக்காங்க. பச்சை மேல் பாதியோட ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. ஒத்தைக் கோடுங்குறதால கீழ் அடுக்கு வியாதிதான், பச்சை மேல் பாதியோட வந்ததால அதுலயும் லேசா அடங்குற ரகம்.”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவுகளும் ஊறத்தானே வச்சுருக்காக,” என்றார். டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

பெரிய மருந்து இப்போதைக்கு வேண்டாம். உடம்பு முழுவதும் தடவ ஒரு களிம்பு, கூடவே சாதாரண மாத்திரை. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். அக்கா அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. போனைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுவா என்னைய இந்தப் பாடு படுத்துனது?”

“இதேதாம்மா.”

“பாக்க நல்லாத்தேன் இருக்கு.” இன்னும் கொஞ்சம் பார்த்தாள். “எப்ப நிக்கும்?”

“மாசக்கணக்காகும். நின்னுட்டுத் திரும்பியும் வரலாம். பொய் சொல்ல மாட்டேன்.”

“நிக்கிறப்ப நிக்கட்டும். காலு மட்டும் தப்பிச்சுருச்சுல்ல,” என்றாள் அக்கா.

மலைக்குத் திரும்பி வந்ததும் எனக்குச் சளி பிடித்தது, அது தனிக் கதை. முந்தாநாள் அக்காவே போன் செய்தாள். வயிற்றில் எல்லாம் காய்ந்து பக்கு உதிர்கிறதாம். இந்த வாரம் புதிதாக வந்தது மணிக்கட்டில் ஒன்றுதானாம், அதுவும் சின்னது. புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாளாம். முதுகுக்குக் கை எட்டாததால் களிம்பு தடவுவது மச்சான் வேலை.

“கொப்புளத்த ஒடைக்காமத் தடவுங்கன்னா, தொடாம எப்புடிடி தடவுறதுன்னு தெனமும் சண்ட தம்பி. ஆனா ஒருநாள் விட்டதில்ல.”

பின்னால் மச்சான் குரல் கேட்டது. “போன வையி. அசையாம இரு. இன்னும் தோள்பட்டை பாக்கி இருக்கு.”

அக்கா வைத்துவிட்டாள்.

எழுதி முடித்தது: ஐப்பசி பதினொன்று, மழைக்காக ஃபேக்டரி நின்ற நாள்.